டிக்கெட்டை அன்பளிப்பாகக் கொடுப்பது எப்படி: உறை, அட்டை, தட்டு, துணிக்கட்டு

சிங்கப்பூரில் நிகழ்ச்சி டிக்கெட்டை அன்பளிப்பாகக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் அதை ஒரு வெள்ளை உறையில் போட்டு நீட்டிவிடுகிறார்கள். இருநூறு வெள்ளி கொடுத்து வாங்கியிருந்தாலும் கைக்கு வருவது ஒரு துண்டுத் தாள்தான். பல நேரங்களில் அதுகூட இல்லை, கைப்பேசியில் ஒரு மின்னஞ்சல். பெற்றுக்கொள்பவர் முன்னும் பின்னும் புரட்டி, மூக்குக்கண்ணாடியைத் தேடி, சின்ன எழுத்தைப் படித்து முடிப்பதற்குள் கொடுத்தவரின் உற்சாகம் வடிந்துவிடுகிறது. நல்ல அட்டை நாலு, இரட்டைப் பக்க ஒட்டுநாடா ஒன்று, ஒரு மாலைப் பொழுது இருந்தால் போதும், இதை அழகாகச் செய்யலாம்.

செய்யும்போது ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். எவ்வளவு அழகாகச் சுற்றினாலும் அந்த டிக்கெட் நிகழ்ச்சி நாளன்று வாயிலில் வேலை செய்தாக வேண்டும். மடிப்பு, பசை, எண்ணெய், சூடு எதுவும் அதைத் தொடக்கூடாது. அலங்காரமெல்லாம் டிக்கெட்டைச் சுற்றி இருக்கட்டும், டிக்கெட்டின் மேல் வேண்டாம். கீழே சொல்லும் எல்லா முறைகளிலும் டிக்கெட்டை ஒரே இழுப்பில் முழுசாக வெளியே எடுத்துவிடலாம்.

கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன்

முதலில் டிக்கெட்டின் விதிமுறைகளைப் படியுங்கள். சில நிகழ்ச்சிகளில் வாங்கியவரின் பெயர் டிக்கெட்டில் இருக்கும், வாயிலில் அடையாள அட்டையும் கேட்பார்கள். அப்படிப்பட்ட டிக்கெட்டை முறைப்படி மற்றவர் பெயருக்கு மாற்ற முடியுமா என்று உறுதிசெய்யாமல் அட்டை வெட்ட உட்கார வேண்டாம். குழந்தைகளுக்கான வயது வரம்பையும் பாருங்கள். கைக்குழந்தைக்குக்கூடத் தனி டிக்கெட் கேட்கும் அரங்குகள் உண்டு. சிறு குழந்தைகளை அனுமதிக்காத நிகழ்ச்சிகளும் உண்டு.

அடுத்தது தேதி. ரகசியமாக வைத்திருந்து கடைசியில் "ஐயோ, அன்னைக்கு எனக்கு வேலை" என்ற பதில் வந்தால் எல்லாம் வீண். வாங்குவதற்கு முன்பே வேறொரு சாக்குச் சொல்லி அந்த நாளைக் காலியாக வைக்கச் சொல்லுங்கள். தம்பியோ கணவரோ தேசிய சேவையாளராக இருந்தால் முகாம் பயிற்சிக்கு அழைப்பு வந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். தாதியர், பாதுகாவலர், விமான நிலைய ஊழியர் போன்றவர்களுக்குப் பணி அட்டவணை முன்கூட்டியே போட்டுவிடுவார்கள். பிள்ளை தொடக்கநிலை 6இல் படிக்கும் வீடு என்றால், பி.எஸ்.எல்.இ. எனும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு முடியும்வரை பெற்றோரைக் கூப்பிடாமல் இருப்பதே நல்லது.

பிறகு, உங்களிடம் இருப்பது எந்த வகை டிக்கெட் என்று பாருங்கள். விற்பனை முகப்பில் அச்சடித்துக் கொடுத்தது, வீட்டில் நீங்களே அச்சடித்துக்கொள்ளும் மின்டிக்கெட், கைப்பேசிச் செயலியில் மட்டும் காட்டக்கூடியது என்று மூன்று வகை. செய்முறை வகைக்கு வகை மாறும்.

சூடு பட்டால் கறுக்கும் தாள்

முகப்பில் அச்சடித்துத் தரும் டிக்கெட்டுகள் பலவும் வெப்பத்தாளில் வருபவை. கடை ரசீதில் இருக்கும் அதே தொழில்நுட்பம்தான். இதில் மையே கிடையாது. தாளின் மேல் பூசிய ரசாயனம் சூடு பட்ட இடத்தில் கறுக்கிறது, அந்தக் கறுப்புதான் எழுத்து. உங்கள் டிக்கெட் அந்த வகையா என்று தெரிந்துகொள்ள, அதன் வெற்று ஓரத்தில் நகத்தால் வேகமாக ஒரு சின்னக் கீறு போடுங்கள். சாம்பல் நிறக் கோடு விழுந்தால் வெப்பத்தாள்.

இதைத் தெரிந்துகொள்ளாமல் செய்யும் தவறுகள்தான் டிக்கெட்டைக் கெடுக்கின்றன. "பத்திரமாக இருக்கட்டும்" என்று லேமினேட் செய்யக் கொடுத்தால், இயந்திரத்தின் சூட்டில் முழுத் தாளும் ஒரே கறுப்பாகிவிடும். துணி உறைக்குள் டிக்கெட்டை வைத்துவிட்டு, சுருக்கம் போக மேலே இஸ்திரி போட்டாலும் அதே கதி. சூடான பசைத் துப்பாக்கி வேண்டவே வேண்டாம். மத்தியான வெயிலில் நிறுத்திய காரின் முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பதும் ஆபத்து.

இன்னொரு பக்கம், எழுத்து மறையவும் செய்யும். வளைந்து கொடுக்கும் பி.வி.சி. பிளாஸ்டிக் உறைகளில் இருக்கும் மென்மையூட்டிகள் மெல்ல மெல்ல அச்சை வெளுக்க வைக்கின்றன. சாதாரண ஒட்டுநாடாவின் பசையும், நெய், எண்ணெய், கைச்சுத்திகரிப்பான் போன்றவையும் அச்சுக்கு எதிரிகள். பிளாஸ்டிக்தான் வேண்டுமென்றால் சமையலறையில் பயன்படுத்தும், ஜிப் வைத்து மூடும் சிப் பைகள் பாதுகாப்பானவை. பாலித்தீனில் அந்த மென்மையூட்டிகள் இல்லை.

விலையை மறைக்க நினைப்பவர்கள் வெள்ளைத் திருத்த மையைப் பூசுகிறார்கள், அல்லது ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். திருத்த மையில் இருக்கும் கரைப்பான் அச்சைக் கலைத்துவிடும். ஸ்டிக்கரைப் பிய்க்கும்போது மேல் பூச்சும் சேர்ந்து உரியும். விலையை மறைக்கச் சரியான வழி, கீழே சொல்லியிருக்கும் சாளர உறை.

வாங்க வேண்டியவை

160 ஜி.எஸ்.எம். (தாளின் கனத்தைக் காட்டும் அளவு) வண்ணத் தாள், 250 ஜி.எஸ்.எம். அட்டை, 6 மி.மீ. அகல இரட்டைப் பக்க ஒட்டுநாடா, இரும்பு அளவுகோல், கூரான வெட்டுக்கத்தி, மை தீர்ந்த பேனா ஒன்று. எல்லாமே பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் கிடைக்கும், அக்கம்பக்கத்துப் புத்தகக் கடைகளிலும் பெரும்பாலும் இருக்கும். ரிப்பனும் துணியும் வேண்டுமென்றால் அரபு ஸ்திரீட்டுக்குப் போங்கள். ஜரிகைத் துண்டுக்குத் தேக்கா நிலையத்தின் மாடியில் இருக்கும் துணிக்கடைகளிலும் தையல் கடைகளிலும் கேட்டுப் பாருங்கள்.

நீர்ப்பசை வேண்டாம். நம் ஊர் ஈரப்பதத்தில் அது காய நேரமெடுக்கும், காய்வதற்குள் தாள் அலை அலையாகச் சுருங்கிவிடும். இரட்டைப் பக்க நாடாவில் அந்தத் தொல்லை இல்லை.

முதலில் செய்து பழக வேண்டியது: சாளர உறை

புதியவர்கள் இதிலிருந்து தொடங்கலாம். மற்ற முறைகள் பலவற்றிலும் இந்த உறைக்குள் டிக்கெட்டை வைத்துப் பயன்படுத்தலாம். நிகழ்ச்சியின் பெயர் மட்டும் சாளரம் வழியாகத் தெரியும். விலையும் பட்டைக்குறியீடும் மறைந்திருக்கும்.

டிக்கெட்டை அளந்துகொள்ளுங்கள். 15 செ.மீ. நீளம், 7 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொண்டால், 160 ஜி.எஸ்.எம். தாளில் 16 செ.மீ. சதுரம் ஒன்று வெட்டுங்கள். ஒரு பக்கத்தை மேலிருந்து கீழாக 7.4, 7.4, 1.2 செ.மீ. என மூன்றாகப் பிரித்து, மை தீர்ந்த பேனாவால் அளவுகோலை ஒட்டி அழுத்திக் கோடு போடுங்கள். இந்தப் பள்ளம் இருந்தால்தான் மடிப்பு நேராக விழும். முன்பக்கம், பின்பக்கம் இரண்டிலும் டிக்கெட்டின் அகலத்தைவிட 4 மி.மீ. கூடுதலாக விட்டிருக்கிறோம். அதைக் குறைத்தால் டிக்கெட் இறுகி, இழுக்கும்போது மூலை மடங்கும். கூட்டினால் நழுவும். மிச்சமுள்ள 1.2 செ.மீ. ஒட்டுவதற்கான மடல். நீளத்தில் கூடுதலாக இருக்கும் 1 செ.மீ. ஒரு முனையை அடைப்பதற்கு.

மடிப்பதற்கு முன் சாளரத்தை வெட்டிவிடுங்கள். நிகழ்ச்சியின் பெயர் டிக்கெட்டில் எங்கே வருகிறது என்று பார்த்து, அந்த இடத்தை முன்பக்கத்தில் பென்சிலால் குறித்து வெட்டினால் போதும். திறந்த முனையின் நடுவில், காசை வைத்து அரைவட்டம் வரைந்து வெட்டுங்கள். விரலால் டிக்கெட்டைப் பிடித்து இழுக்க அது வசதி. மறுமுனையின் உள்ளே 1 செ.மீ. அகலத் தாள் துண்டை ஒட்டி அடையுங்கள். கடைசியாக மடலில் நாடா ஒட்டி உறையை மூடுங்கள். இவ்வளவும் முடியும்வரை டிக்கெட் அடுத்த அறையிலேயே இருக்கட்டும். பசை தொட்ட கையோடு அதை எடுக்க வேண்டாம்.

வீட்டில் அச்சடித்த ஏ4 மின்டிக்கெட் என்றால் இந்த உறை தேவையில்லை. மூன்றாக மடித்தால் 11க்கு 22 செ.மீ. நீள உறைக்குள் போகும், நான்காக மடித்தால் சி6 உறைக்குள் போகும். மடிப்புக் கோடு கியூஆர் குறியீட்டின் மேல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குறியீட்டைச் சுற்றியுள்ள வெள்ளை இடமும் அதன் ஒரு பகுதிதான். அந்த இடத்தில் பூ வரைவதோ பொன்னிறப் பேனாவால் கரை போடுவதோ, வாயிலில் குறியீட்டைப் படிக்கும் வருடிக்குத் தடங்கலாகும். பளபளப்பான புகைப்படத் தாளில் அச்சடித்தால் வாயில் விளக்கு பிரதிபலித்து வருடி தடுமாறும். சாதாரண வெள்ளைத் தாளே மேல்.

மேடை அட்டை

திறந்ததும் நடுவில் ஒரு குட்டி மேடை எழும்பி, அதன் மேல் டிக்கெட் நிமிர்ந்து நிற்கும். பார்ப்பதற்குப் பெரிய கைவேலை போலத் தெரியும். உண்மையில் இரண்டே வெட்டுதான்.

1. 160 ஜி.எஸ்.எம். ஏ4 தாளைக் குறுக்கே பாதியாக மடியுங்கள். மடிப்பின் நீளம் 21 செ.மீ. வரும்.

2. மடிப்பின் இரு ஓரங்களிலிருந்தும் 2 செ.மீ. உள்ளே தள்ளி, மடிப்புக்குச் செங்குத்தாக 5 செ.மீ. நீளத்துக்கு ஒவ்வொரு வெட்டுப் போடுங்கள். இரண்டு தாளும் சேர்ந்தே வெட்டுப்பட வேண்டும். நடுவில் 17 செ.மீ. அகலப் பட்டை ஒன்று கிடைக்கும்.

3. அந்தப் பட்டையை வெட்டு முடியும் இடத்தில் முன்னும் பின்னுமாக மடித்துப் பழக்குங்கள். பிறகு தாளைப் பாதி திறந்து, பட்டையை உள்பக்கமாகத் தள்ளி, மூடி அழுத்துங்கள். மறுபடி திறந்தால் பட்டை படிக்கட்டு மாதிரி நிற்கும். அதுதான் மேடை.

4. 17 செ.மீ. நீளம், 3 செ.மீ. உயரத்தில் ஒரு துண்டு வெட்டி, மேடையின் முன்முகத்தில் கீழ் விளிம்பிலும் இரண்டு பக்க விளிம்புகளிலும் மட்டும் நாடா வைத்து ஒட்டுங்கள். மேல்புறம் திறந்திருக்கும் பை கிடைக்கும். கீழ் மடிப்பின் மேல் நாடா ஏறினால் மேடை மடங்காது. ஒரு மில்லிமீட்டர் மேலே தள்ளியே ஒட்டுங்கள்.

5. 250 ஜி.எஸ்.எம். அட்டையைப் பாதியாக மடித்து, அதற்குள் இந்தத் தாளை ஒட்டுங்கள். மேடைக்குப் பின்னால் இருக்கும் துவாரப் பகுதியில் நாடா வேண்டாம். அங்கே பட்டால் மேடை எழும்பாமல் ஒட்டிக்கொள்ளும்.

15 செ.மீ. நீள டிக்கெட்டைப் படுக்கைவாட்டில் அந்தப் பையில் செருகினால் வேலை முடிந்தது. கவனிக்க வேண்டிய அளவு உயரம்தான். மேடை முன்முகத்தின் அடியிலிருந்து 9 செ.மீ.க்கு மேல் டிக்கெட் எழும்பி நின்றால், அட்டையை மூடும்போது அதன் மேல் விளிம்பு வெளியே துருத்தும். மேடை மூடும்போது முன்பக்கமாகச் சாய்கிறது, மடிப்பிலிருந்து 5 செ.மீ. ஏற்கெனவே மேடைக்குப் போய்விடுகிறது. அட்டையின் உயரமோ 15 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. டிக்கெட் பெரியது என்றால், மேடைக்குப் பொருந்தும் அளவில் அறிவிப்புத் தாள் ஒன்று அச்சடித்து மேடையில் நிறுத்திவிட்டு, டிக்கெட்டைத் தனி உறையில் அட்டையின் பின்பக்கம் வையுங்கள்.

மேடைக்குப் பின்னால் இருக்கும் தாளில் திரைச்சீலை வரையலாம், சிவப்புத் தாளை விசிறி மடிப்பாக மடித்து இரு பக்கமும் ஒட்டலாம். பரதநாட்டிய நிகழ்ச்சி என்றால் ஓரத்தில் ஜரிகை வைத்தாலே போதும். நிறைய ஒட்டினால் அட்டை தடித்து, உறைக்குள் போகாது.

வெற்றிலை அடுக்கு

திருமண நாள், தீபாவளி, பெற்றோரின் மணிவிழா போன்றவற்றுக்கு இதைவிடப் பொருத்தமானது வேறு இல்லை. பச்சைத் தாளில் 12 செ.மீ. உயரத்தில் ஐந்து வெற்றிலைகள் வெட்டுங்கள். மை தீர்ந்த பேனாவால் நடு நரம்பையும் கிளை நரம்புகளையும் அழுத்தி வரைந்து, இலையை நடு நரம்பில் இலேசாக மடித்து விரித்தால் உண்மையான இலை போலக் குவிந்து நிற்கும். காம்பில் துளை போட்டு, ஐந்தையும் பொன்னிற நூலில் கோத்துவிடுங்கள். விசிறி போல விரியும்.

ஒவ்வோர் இலையின் உட்புறத்திலும் ஒரு வரி எழுதுங்கள். நிகழ்ச்சியின் பெயரைக் கடைசிவரை சொல்ல வேண்டாம். எஸ்பிளனேட் கச்சேரிக்கு இப்படி எழுதலாம்:

"அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை சாயங்காலம் யாருக்கும் வாக்குக் கொடுக்க வேண்டாம்."
"இடம் தண்ணீர் ஓரம். கூரை டுரியான் தோல் போல முள் முள்ளாக இருக்கும்."
"எந்தச் சேலை என்று இப்போதே யோசிக்கலாம்."
"அப்பாவும் கூட வருகிறார். சட்டையை நீங்களே எடுத்து வைத்துவிடுங்கள்."
"தட்டுக்கு அடியில் பாருங்கள், அம்மா."

இரண்டாவது இலையிலேயே பலர் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் ஒன்றும் கெட்டுவிடாது. ஊகித்துக்கொண்டே அடுத்த இலையைப் புரட்டுவதில்தான் சுவை. ஐந்துக்கு மேல் போகாதீர்கள். பெரியவர்களுக்குப் பொறுமை போய்விடும், குழந்தைகள் நேராகக் கடைசி இலைக்குத் தாவிவிடுவார்கள்.

தாம்பூலத் தட்டில் வைப்பது

எவர்சில்வர் தட்டோ பித்தளைத் தட்டோ, வெற்றிலை பாக்கு, பழம், பூவுடன் வைத்துக் கொடுத்தால் டிக்கெட்டுக்கு ஒரு மரியாதை வந்துவிடுகிறது. ஆனால் தட்டில் இருப்பவை எல்லாம் ஈரம். கேம்பல் லேனில் வாங்கும் பூச்சரத்தில் தண்ணீர் தெளித்திருப்பார்கள். வெற்றிலையும் கழுவியதாக இருக்கும். டிக்கெட் உறையை நேரடியாக அவற்றின் மேல் வைத்தால் அரைமணி நேரத்தில் அடிப்பக்கம் நைந்துவிடும். டிக்கெட்டைச் சிப் பையில் போட்டு, அதைத் தட்டையான அட்டைப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியைத் தட்டில் வையுங்கள்.

பத்திரிகையில் வைப்பதுபோல உறையின் நான்கு மூலைகளிலும் மஞ்சள் தடவ விரும்பினால் வெளி உறையில் மட்டும் தடவுங்கள். மஞ்சளைக் கெட்டியாகக் குழைத்து, விரல் நுனியால் தொட்டு வைத்து, மின்விசிறிக்குக் கீழே நன்றாகக் காய்ந்த பிறகே டிக்கெட்டை உள்ளே போட வேண்டும்.

இனிப்புப் பெட்டிக்குள் ஒளித்துக் கொடுப்பது பலருக்கும் பிடிக்கும். மைசூர் பாகின் நெய் சாதாரணத் தாளைத் தாண்டிச் சீக்கிரமே கசியும். பெட்டியின் அடியில் சிப் பையில் டிக்கெட், அதன் மேல் பெட்டியின் அளவுக்கு வெட்டிய கெட்டி அட்டை, அதன் மேல் நெய் ஊறாத தாள் (பட்டர் பேப்பர்), அதற்கு மேல் இனிப்பு என்று அடுக்குங்கள். அட்டையின் ஓரத்தில் ஒரு ரிப்பன் துண்டை ஒட்டி வெளியே நீட்டிவிட்டால், இழுத்தவுடன் பொய்த்தளம் எழும்பும். இந்த ரிப்பன் இல்லாவிட்டால் இனிப்பு தீர்ந்ததும் பெட்டி குப்பைக்குப் போய்விடும், டிக்கெட்டும் கூடவே போகும்.

துணிக்கட்டு

தாளைவிடத் துணி எளிது, கசங்கினாலும் தெரியாது. நினைவில் வைக்க வேண்டிய அளவு ஒன்றுதான்: சதுரத் துணியின் மூலைவிட்டம், பெட்டியின் நீளத்தைப்போல மூன்று மடங்கு இருக்க வேண்டும். 22 செ.மீ. பெட்டிக்கு 50 செ.மீ. சதுரத் துணி சரியாக வரும். பெட்டியைத் துணியின் நடுவில் மூலைவாட்டில் வைத்து, எதிரெதிர் மூலைகள் இரண்டை மேலே மடித்துச் செருகி, மற்ற இரண்டையும் முடிச்சுப் போடுங்கள். வழுக்கும் பட்டுத் துணியில் முடிச்சு நிற்காது. பருத்தி, அல்லது பருத்தி கலந்த துணி எடுங்கள். இஸ்திரி போடுவதாக இருந்தால், டிக்கெட்டை உள்ளே வைப்பதற்கு முன்பே போட்டுவிடுங்கள்.

கைப்பேசியில் மட்டும் இருக்கும் டிக்கெட்

இப்போது பெரிய நிகழ்ச்சிகள் பலவற்றுக்கு இப்படித்தான் வருகிறது. சில செயலிகளில் குறியீடு சில விநாடிகளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும். திரைப்பிடிப்பு எடுத்து அச்சடித்தால் வாயிலில் செல்லாது. இங்கே கையில் கொடுப்பது அறிவிப்பு அட்டை மட்டும்தான். டிக்கெட்டைச் செயலியின் வழியாகவே அவர் கணக்குக்கு மாற்றிவிட வேண்டும்.

மாற்றும் நேரம் முக்கியம். முன்கூட்டியே மாற்றினால் அவர் கைப்பேசிக்கு அறிவிப்பு போய், ரகசியம் உடைந்துவிடும். அட்டையைக் கொடுத்து, அவர் படித்து முடித்த பிறகு, பக்கத்தில் உட்கார்ந்தே மாற்றிக் கொடுங்கள். செயலியைப் பதிவிறக்கி, கணக்குத் திறந்து, டிக்கெட் திரையில் தெரிவதைப் பார்த்த பிறகு எழுந்திருங்கள். கைப்பேசி பழக்கமில்லாத பெரியவர் என்றால், டிக்கெட்டை உங்களிடமே வைத்துக்கொண்டு நீங்களும் கூடப் போவதே உத்தமம்.

அறிவிப்பு அட்டையில் அழகான எழுத்தைவிடத் தகவல் முழுமையாக இருக்க வேண்டும். நிகழ்ச்சி, கிழமையுடன் தேதி, தொடங்கும் நேரம், அரங்கு, வாயில் எண், இருக்கை எண், இறங்க வேண்டிய பெருவிரைவு ரயில் நிலையம். தேசிய விளையாட்டரங்கில் 55,000 பேர் அமரலாம். அங்கே வாயில் எண் தெரியாமல் போனவர் அரங்கை அரைச்சுற்றுச் சுற்ற வேண்டிவரும். பெரியவர்களுக்குக் கொடுக்கும் அட்டையில் போக்குவரத்தையும் எழுதிவிடுங்கள்: "அத்தை, மாமா, சனிக்கிழமை 6 மணிக்குத் தயாராக இருங்கள். நாங்கள் வந்து கூட்டிப் போகிறோம்." டிக்கெட்டைவிட அந்த வரிதான் அவர்களுக்கு நிம்மதி தரும்.

யாருக்குக் கொடுக்கிறோம்

சிங்கப்பூரில் அன்பளிப்பு வீட்டோடு நிற்பதில்லை. சீன நண்பருக்குக் கொடுக்கும்போது கறுப்பு, வெள்ளை உறைகளைத் தவிர்த்துச் சிவப்பையோ பொன்னிறத்தையோ எடுங்கள். நான்கு என்ற எண்ணை ஒதுக்குபவர்கள் உண்டு. நான்கு டிக்கெட் என்றால் இரண்டிரண்டாக இரு உறைகளில் வைக்கலாம். "இன்னும் இத்தனை நாள்" என்று கடிகார வடிவில் அட்டை செய்யத் தோன்றும். கடிகாரத்தை அன்பளிப்பாகத் தருவது அவர்கள் வழக்கத்தில் ஆகாது, வேறு வடிவம் பாருங்கள். இரு கைகளாலும் கொடுங்கள்.

மலாய் நண்பர்களுக்குப் பச்சை உறை நோன்புப் பெருநாளை நினைவூட்டும், மகிழ்வார்கள். நோன்பு மாதத்தில் மாலை நிகழ்ச்சிக்கு டிக்கெட் எடுக்க வேண்டாம். இங்கே ஆண்டு முழுவதும் சூரியன் ஏழு மணி வாக்கில்தான் மறைகிறது, நோன்பு திறக்கும் நேரமும் நிகழ்ச்சி தொடங்கும் நேரமும் மோதிக்கொள்ளும். நம்மவர்களுக்குக் கறுப்பு உறை வேண்டாம் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. மொய் உறையில் ஒட்டியிருக்கும் ஒரு காசுக்கு அடியில் மடித்த துண்டுச்சீட்டை வைத்து, அதில் நிகழ்ச்சியின் பெயரை எழுதுவது அழகான சின்ன வேலை.

கூடவே வைக்கும் சிறு பொருள்

நிகழ்ச்சியன்று பயன்படும் ஒன்றைச் சேர்த்து வைத்தால் டிக்கெட்டின் கனம் கூடும். அரங்குக் கச்சேரிக்கு மெல்லிய சால்வை, ஏனென்றால் உள்ளே குளிரூட்டி விறைக்க வைக்கும். மண்டாயில் இரவு சஃபாரிக்குக் கொசு விரட்டி. இரவு நேர எஃப்1 பந்தயத்துக்குக் காது அடைப்பான், முக்கியமாகக் குழந்தைகளுக்கு. திறந்தவெளி நிகழ்ச்சிக்கு மடித்து வைக்கும் மழையங்கி. பல இடங்களில் குடையையும் பெரிய பையையும் உள்ளே விடமாட்டார்கள், ஆகவே குடை வாங்கி வைக்க வேண்டாம். வாசனைத் திரவியம், மெழுகுவத்தி இரண்டையும் டிக்கெட் இருக்கும் பெட்டியில் சேர்க்காதீர்கள். ஒன்றில் ஆல்கஹால், மற்றதில் எண்ணெய்.

கொடுக்கும் நாளில்

வீட்டுக்குள் ஒளித்து வைத்துத் தேட விடுவதாக இருந்தால் இடத்தை யோசித்துத் தேர்ந்தெடுங்கள். சாமி அலமாரியில் வைத்தால் விளக்கின் சூடும் எண்ணெயும் பக்கத்திலேயே இருக்கும். அரிசி வாளி நல்ல இடம், சிப் பையில் போட்டு வைத்தால். குளிர்பதனப் பெட்டி கூடாது. வெளியே எடுத்ததும் நம் காற்றின் ஈரம் உறையின் மேல் துளித்துளியாகப் படியும்.

படம் எடுத்துப் பகிர்வதற்கு முன், குறியீடு தெரியாதபடி டிக்கெட்டை உறைக்குள் தள்ளிவிடச் சொல்லுங்கள். குறியீடு மாறாத டிக்கெட்டைப் படத்திலிருந்து அச்சடித்துக்கொண்டு வேறொருவர் முதலில் நுழைந்துவிட்டால், உண்மையான டிக்கெட்டோடு வருபவரை வாயிலில் நிறுத்திவிடுவார்கள்.

பிரித்து முடிந்ததும் கிழிந்த தாள்களை யாராவது அள்ளிக் குப்பைக் குழாயில் போடக் கிளம்புவார்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் டிக்கெட் காணாமல் போவது பெரும்பாலும் அப்போதுதான். டிக்கெட்டை முதலில் எடுத்து, தேதி தெரியும்படி ஒரு தட்டையான கோப்பில் வைத்துவிட்டுப் பிறகு கூட்டிப் பெருக்கட்டும். குளிர்பதனப் பெட்டிக் கதவில் காந்தம் வைத்து மாட்டுவதாக இருந்தால் அறிவிப்பு அட்டையை மாட்டலாம், டிக்கெட்டை வேண்டாம்.

நிகழ்ச்சி தள்ளிப்போனாலோ நேரம் மாறினாலோ தகவல் வாங்கியவரான உங்கள் மின்னஞ்சலுக்குத்தான் வரும், பெற்றுக்கொண்டவருக்கு வராது. நிகழ்ச்சி முடியும்வரை அந்த மின்னஞ்சலைப் பார்த்துக்கொண்டிருங்கள், வந்தால் உடனே அவருக்கு அனுப்புங்கள். முன்பதிவு எண்ணையும் ரசீதையும் அழித்துவிடாதீர்கள். டிக்கெட் நைந்தாலோ தொலைந்தாலோ விற்பனை நிறுவனம் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான். நிகழ்ச்சி நாளன்று முகப்பில் கூட்டம் இருக்கும், ஆகவே தெரிந்த அன்றே கூப்பிட்டுப் பேசுங்கள்.